கண்ணாடி அறைக்குள் போன கை

என் வீட்டுக்காரர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போதே அவரை எப்படி அடக்கம் செய்வது என்று பேச என்னிடம் ஆள் வந்துவிட்டது.

சகோதரிகளே, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நிறைய யோசித்தேன். இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அல்லாஹ் என் துஆவை ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்ல வாயைத் திறந்தால் கண்ணீருக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து நன்றி மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சுனாமி வந்ததற்கு முந்தைய வருஷம் அது. நோன்பு மாதம், ஐப்பசி மழை. நாங்கள் அப்போதும் நெல்லித்தோப்பில்தான் இருந்தோம். என் பெயர் ஜமீலா. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் கமால் ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டில், நம்ம ஊர்க்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அங்கே பேசுவது பிரெஞ்சு. பாண்டிச்சேரி ஆளுக்கு அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். நோன்பை எங்களோடு வைக்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்தார். எங்கள் மகள் ஆயிஷாவுக்கு அப்போது ஏழு வயசு. அத்தா வந்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நோன்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவருக்குக் குளிர் காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நோன்பை விடுங்கள் என்றால் கேட்கவில்லை. "இது அங்க எல்லாருக்கும் வர்றதுதான் ஜமீலா, மலேரியாதான். எனக்கே முன்னாடி வந்திருக்கு, மாத்திரை போட்டா போயிடும்" என்றார். பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். காய்ச்சல் அதற்குக் கேட்கவில்லை. வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் கண் இரண்டும் சிவந்து, சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களைச் சந்திக்கு இழுப்பது என் வேலை இல்லை.

வாசலிலேயே டியூட்டி டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். சின்ன வயசுப் பையன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அந்தக் காய்ச்சலிலும், "காங்கோ சார். அங்க வடக்க காட்டுப் பக்கம் இந்த வருஷம் எபோலா வந்து ஜனங்க செத்தாங்க. நான் இருந்தது தெற்க, தொறமுகத்துல" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் காதில் எபோலா மட்டும்தான் விழுந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு முழுக்க ரத்தம். உடனே எழுந்து சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்.

அந்த ரத்தம் என்ன ரத்தம் என்று எனக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் இவர் வேளைக்கு வேளை மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவார். நாம் எல்லோரும் செய்வதுதான். இவருக்கு ஈறு லேசு. வருஷா வருஷம் நோன்பு பிறந்தால் தலையணை உறையில் ரத்தக் கறை இருக்கும். அன்றைக்கு ஆட்டோவிலும் அந்தக் குச்சி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். "சார், இதாலதான் சார் ரத்தம்" என்றேன். குச்சியைக் கண்டு அவர் இன்னும் பின்னால் போனார். "அத கீழ போடுங்கம்மா, தொடாதீங்க!" என்று கத்தினார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அந்த வருஷம் கோடையில் சார்ஸ் வருகிறது என்று ஊரெல்லாம் பயந்தார்கள் இல்லையா, அப்போது கட்டியது. பேப்பரில் போட்டோ வந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு மிஷின், தனிக் காற்று, தலையிலிருந்து கால் வரை மூடுகிற உடுப்பு என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அந்த அறையில் என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்தார்கள். விஜயா என்று ஒரு நர்ஸ் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு டிரிப் ஏற்றிவிட்டு வந்தாள். அதோடு சரி. கதவை மூடினார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆள் உள்ளே போகவில்லை.

தண்ணீர்க் குவளையைத் துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிவிட்டார்கள். அது கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் கட்டிலிலிருந்து இறங்கினால்தானே எடுக்க முடியும்? தலையையே தூக்க முடியாத மனுஷர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். டிரிப் பாட்டில் காலியாகிவிட்டது. குழாயில் அவருடைய ரத்தம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெல்லை அழுத்தினேன். ஆட்களைக் கூப்பிட்டேன். "சொல்லியிருக்கோம்மா, மேல இருந்து உத்தரவு வரணும்" என்றார்கள். ரத்தத்தை எடுத்து மலேரியாவாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். "அந்த ரத்தம் உள்ள வந்தா லேபையே மூட வேண்டியிருக்கும்" என்றார் ஒருவர். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்காவது அனுப்புங்கள் என்றேன். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

பயப்பட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வியாதி தொட்டால் ஒட்டுமாம், வைத்தியம் பார்த்தவர்களையே கொண்டு போயிருக்கிறதாம். நர்ஸ் பெண்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்துக்காகத்தானே ஐயா அந்த உடுப்பை வாங்கி வைத்தீர்கள்? அது ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் வாசனை சென்ட் போட்டுக்கொண்டு, என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்று, "எங்க கிட்ட எல்லா வசதியும் இருக்கும்மா, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா வசதியும் இருந்தது. அதைத் தொட்டு எடுக்க ஒரு கை இல்லை.

செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. ஆயிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனால் எங்கள் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போயிருக்கிறாள். "நீ அங்கியே வெச்சிட்டுத் தள்ளி நில்லு பாப்பா" என்று சொல்லி, மேலிருந்து கஞ்சியை ஊற்றியிருக்கிறார்கள். பாதி கீழே சிந்திவிட்டது. குழந்தை கையெல்லாம் சூடு பட்டுச் சிவந்திருந்தது. "அம்மா, நம்ம மேல நாத்தம் வீசுதா?" என்று கேட்டாள். பிள்ளையை லாஸ்பேட்டையில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். ஜமாஅத் செயலாளர் ஹனீபா மாமா வந்தார். எங்கள் தெருவிலேயே பெரிய மனுஷர். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். கூட பாங்கு சொல்கிற மோதினாரும் வந்திருந்தார். எனக்கு அவர்களைப் பார்த்ததும் அழுகை முட்டியது. ஆறுதல் சொல்ல நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஜமீலா, கோவிச்சுக்காதம்மா" என்று ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரி மேனேஜரு போன் பண்ணாரு. ஒருவேள ஏதாச்சும் ஆயிட்டா மய்யித்த வீட்டுக்கு எடுத்தார முடியாதாம். குளிப்பாட்டக் கூடாதாம். கபன் துணி சுத்தக் கூடாதாம். பையில போட்டுக் கட்டி அப்படியே எறக்கிடணுமாம். குளிப்பாட்டாம அடக்கம் பண்ணலாமா கூடாதான்னு ஆலிம்சா கிட்டயும் கேட்டுட்டோம். நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா, குழி வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"மாமா, அவரு உசுரோட இருக்காரு."

"தெரியும்மா. ஒரு முன்னேற்பாடுதான்."

"முன்னேற்பாடா? நாக்கு வறண்டு கெடக்காரே, அதுல ஒரு மடக்குத் தண்ணி ஊத்த எவனாச்சும் முன்னேற்பாடு பண்ணானா? அதுக்கு ஆளு இல்ல, குழி வெட்ட மட்டும் ஆளு ரெடியா? யாரு குளிப்பாட்டுறது, யாரு குளிப்பாட்டக் கூடாதுன்னு கூட்டம் போட்டுப் பேசுனீங்களே, உசுரோட இருக்கறவரு மொகத்த யாரு தொடைக்கறதுன்னு ஒருத்தராச்சும் பேசுனீங்களா?"

"சத்தம் போடாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! ரெண்டு நாளா பாத்துட்டுத்தான இருக்காங்க!"

ஹனீபா மாமா கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணீர் எனக்கு அப்போது எதற்கு? அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நான் கண்ணாடிப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவர் வாய் திறந்தபடி கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும் வரைக்கும் நான் மூச்சை விடவில்லை.

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கை கால் முகம் கழுவி வுளூ செய்யலாம் என்று தோட்டத்துக் குழாய்க்குப் போனேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். "யம்மா, அந்தப் பைப்பத் தொடாத யம்மா, சொல்லச் சொல்லியிருக்காங்க." ஊற்று ஊற்றென்று மழை பெய்கிறது, எனக்குத் தொடத் தண்ணீர் இல்லை. அவரிடம் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லை. போர்ட்டிகோ ஓரத்தில் மழை படாத இடத்தில் கொஞ்சம் காய்ந்த மண் இருந்தது. அதில் இரண்டு கையையும் அடித்து முகத்திலும் கையிலும் தடவித் தயம்மும் செய்தேன். அங்கேயே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொழுதேன்.

தொழுதுவிட்டுக் கையேந்தினேன். சகோதரிகளே, துஆவை எப்படி அடக்கமாகக் கேட்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை. நான் கெஞ்சவில்லை. சண்டைதான் போட்டேன். "யா அல்லாஹ், இவ்ளோ பெரிய கட்டடத்த குடுத்த. மிஷின் குடுத்த. படிச்சவங்கள குடுத்த. உடுப்பு குடுத்த. எல்லாத்தையும் குடுத்துட்டு ஒரு கைய மட்டும் குடுக்காம விட்டியே, நாயமா? அவர நீ எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோ, அவரு உன்னோட அடிமை. ஆனா யாரும் தொடாம எடுக்காத. உள்ள போறதுக்கு ஒரு கைய அனுப்பு. ஒரே ஒரு கை. அவ்ளோதான் கேக்கறேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வாட்ச்மேன் காதிலும் விழுந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது கேட் வழியாக ஒரு ஸ்கூட்டி வந்தது. ஓட்டி வந்த பெண்மணிக்கு ஐம்பது வயசு இருக்கும். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். அவர் டாக்டர் செலின் என்பதும், அந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவி என்பதும், தன் அம்மா இறந்து லீவில் இருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலையே இல்லை. மாதா கோயிலில் அம்மாவின் பூசைக்குச் சொல்லிவிட்டு வருகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. தன் அறையில் மாட்டியிருந்த ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு போக வந்தார். அவ்வளவுதான். அந்த மழைக்காக நான் இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு சுக்ரு செய்கிறேன்.

தன் அறைக்குப் போகிற வழியில் கண்ணாடி அறையைப் பார்த்திருக்கிறார். நான் உள்ளே போவதற்குள் சத்தம் கேட்டது. டியூட்டி டாக்டரை அவர் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"எபோலான்னு சந்தேகம் வந்தா ஆளக் கொறைக்கறதா? கூட்டணும்யா! நான் பிரான்ஸ்ல வேல பாத்தப்ப இந்த மாதிரி காய்ச்சல்காரர் ஒருத்தர் வந்தாரு. உள்ள ரெண்டு பேர், வெளிய ஒருத்தர், மாத்தி மாத்தி நின்னோம். நீங்க இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? மீன் தொட்டியா இது, வெளிய நின்னு வேடிக்க பாக்கறதுக்கு?"

"மேடம், எபோலாவுக்கு மருந்தே இல்ல மேடம்..."

"மருந்து இல்லன்னா வைத்தியமும் இல்லன்னு உனக்கு யார் சொன்னது? ஒடம்புல தண்ணி கொறஞ்சா தண்ணி ஏத்து. உப்பு கொறஞ்சா உப்பு குடு. பிரஷர் எறங்குதான்னு பாரு. அவரு ஒடம்பு சண்ட போட்டு ஜெயிக்கற வரைக்கும் தாங்கிப் புடி. அதுக்குத்தான இத்தன மிஷின்? காங்கோல இருந்து வந்த ஆளுக்கு மலேரியா பாத்தியா?"

"லேப்ல எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க மேடம்."

"மொந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அல்லாஹ்விடம் சண்டை போட்டேன் இல்லையா, என்னைவிடக் கோபக்காரியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்றார். மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். "பூட்ட ஒடைங்க" என்றார். யாரும் அசையவில்லை. என்னைப் பைப்பைத் தொட விடாத அதே வாட்ச்மேன் ஒரு இரும்புக் கம்பியோடு வந்து ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்துவிட்டார். உடுப்புகள் அட்டைப் பெட்டியில் பிரிக்காமலே இருந்தன.

"என் கூட உள்ள யார் வர்றீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நான்தான் முதலில், "நான் வர்றேன் மேடம்" என்றேன்.

"நீங்க வேணாம். போடறது சுலபம்மா, கழட்டறப்பதான் ஆபத்து. பழக்கம் இல்லாதவங்க தப்பு பண்ணிடுவாங்க."

அப்போது நர்ஸ் விஜயா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "நான் வர்றேன் மேடம். நேத்தே போறேன்னேன். மேல விடல" என்றாள். நான் இரண்டு நாளாக அவளையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒரு வேல இருக்கு. இந்தக் கண்ணாடிகிட்ட நில்லுங்க. எங்க ரெண்டு பேரோட கையவே பாருங்க. உங்க வீட்டுக்காரரப் பாக்காதீங்க. எங்க கை மொகத்துப் பக்கம் போச்சுன்னா கண்ணாடியத் தட்டுங்க. பலமாத் தட்டுங்க. புரியுதா?"

புரிந்தது. வெள்ளை உடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு மறைப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சரி செய்துகொண்டு, இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு திறந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க மனசு துடிக்கிறது, நான் அவர்கள் கையையே பார்க்கிறேன். முதலில் டாக்டரின் கை அவர் நெற்றியில் போய் உட்கார்ந்தது. குனிந்து ஏதோ கேட்டார். அவர் உதடு அசைந்தது. "சாவா கமால்?" என்று பிரெஞ்சில் நலம் கேட்டாராம். அதற்கு அவர், "சாவா" என்றாராம். நலமாம்! அந்த நிலைமையிலும் மரியாதையை விடாத மனுஷர்.

பழைய ஊசியை எடுத்தார்கள், புதுசு போட்டார்கள், தண்ணீர் ஏறியது. ஈரத் துணியால் முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் விஜயா துடைத்தாள். வியர்வையில் அவள் கண்ணுக்குப் போட்ட கண்ணாடி மங்கிவிட்டது போல. சட்டென்று அவள் கை மேலே எழும்பியது. நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தேன். அந்த வராந்தாவே அதிர்ந்தது. அவள் கை அப்படியே நின்று கீழே இறங்கியது. என் உள்ளங்கை இரண்டு நாள் வலித்தது.

லேபுக்கு ரத்தம் வரக் கூடாது என்றார்கள் இல்லையா? டாக்டர் செலின் லேபையே உள்ளே கொண்டு போய்விட்டார். மைக்ராஸ்கோப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய், மேஜை மேல் வைத்து, அங்கேயே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தார். வெளியே மஃரிபுக்கு பாங்கு கேட்டது. நோன்பு திறக்கிற நேரம். என் கையில் ஒரு பேரீச்சம்பழம்கூட இல்லை. நகரவும் முடியாது. என் தோளைத் தொட்டு யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த டியூட்டி டாக்டர். தலை கவிழ்ந்து நின்றார். பார்வையைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு பிஸ்மில்லா சொல்லிக் குடித்தேன்.

உள்ளேயிருந்து டாக்டர் கத்தியது முகமூடியையும் கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது. "மலேரியா! ரத்தம் முழுக்க கிருமி!" உடனே கொய்னா மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார்.

அதோடு நான் ஓடிப்போய் அவரைத் தொட்டுவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. மலேரியா இருக்கிறது என்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது, வடக்கே பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறேன், பதில் வரும் வரைக்கும் எபோலா என்றே நினைத்துத்தான் நடக்க வேண்டும் என்றார். "சந்தேகம் அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. வைத்தியம் நிக்கக் கூடாது" என்றார். மேனேஜர் வந்து பூட்டை உடைத்ததற்குக் குதித்தார். டாக்டர் அவரிடம் இன்னொரு உடுப்பைக் காட்டி, "இது உங்க சைஸ்தான் சார், போட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். மனுஷர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பதில் வருவதற்குள் என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்தார். சிறுநீர் கறுத்து வந்தது. நினைவு போய்ப் போய் வந்தது. ஆனால் அறை காலியாக இருக்கவில்லை. விஜயாவைப் பார்த்து இன்னொரு நர்ஸ் வந்தாள். பிறகு டியூட்டி டாக்டரே உடுப்பு மாட்டிக்கொண்டார். உடம்புக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு தடவை அவர்கள் உள்ளே போகும்போதும் வரும்போதும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "ஜமீலாக்கா நிக்கறாங்களா? அப்ப போலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. ஒரு நாள் காலையில் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கையை ஆட்டினார். நான் அங்கேயே ஸஜ்தாவில் விழுந்தேன்.

பதிலும் வந்தது. எபோலா இல்லை. கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மிஸ்வாக் கதையை டாக்டரிடம் சொல்லி, "நான் மொதல்லயே சொன்னேன் மேடம்" என்று நியாயம் கேட்டேன். அவர் சிரித்தார். "குச்சியாவும் இருக்கலாம். மலேரியாவுல ரத்தம் உறையறது கொறஞ்சதாவும் இருக்கலாம். கொஞ்ச நாளைக்குக் குச்சிய விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வாசலில் ஹனீபா மாமா நின்றார். கையில் தூக்குவாளி. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. "கமாலுக்குக் குடுத்துடும்மா" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே உள்ள வந்து குடுங்க மாமா" என்றேன். தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பூனால் ஊட்டினார். கொஞ்சம் கஞ்சி சட்டையில் சிந்தியது. என் வீட்டுக்காரர் இரண்டு வாய் குடித்துவிட்டு மெல்லப் பேசினார்.

"மாமா, எனக்குத் தண்ணி எட்டல. செவுத்துல கைய அடிச்சுத் தயம்மும் பண்ணிட்டுப் படுத்தபடியே தொழுதேன். அப்புறம் நெனவு இல்ல. திடீர்னு யாரோ நெத்தியத் தொட்டாங்க. ஈரத் துணியால மொகத்த, கைய எல்லாம் தொடைக்கறாங்க. வெள்ள வெள்ளயா உடுப்பு. நான் மவுத்தாயிட்டேன், என்னக் குளிப்பாட்டறாங்கன்னுதான் மாமா நெனச்சேன். அவ்ளோ நாளா யாரும் தொடலயா, செத்தாத்தான் தொடுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

ஹனீபா மாமா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

இதற்கப்புறம் என் வாழ்க்கை பழையபடி இல்லை. பெருநாள் கழிந்ததும் ஜமாஅத்துக்குப் போய், "மய்யித்து வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்க, நோயாளி வேலைக்கு ஏன் ஆள் இல்ல?" என்று கேட்டேன். இப்போது நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களிடம் போகிறோம். டிபி வார்டுக்குப் போகிறோம், எய்ட்ஸ் வந்தவர்கள் வீட்டுக்கும் போகிறோம். டாக்டர் செலின்தான் எப்படிப் பத்திரமாகப் போவது என்று சொல்லிக் கொடுத்தார். ஆண்கள் பக்கத்துக்கு என் வீட்டுக்காரர் போகிறார். அவரோடு ஹனீபா மாமாவும் போகிறார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். என் கதையைக் கேட்பவர்கள், "அல்ஹம்துலில்லாஹ், எபோலா இல்லாமல் போச்சே, உன் துஆ பலித்தது" என்கிறார்கள். எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிடுகிறது. எபோலாவாகவே இருந்திருந்தால்? தொடாமல் விட்டிருக்கலாமா? நான் வியாதி இல்லாமல் போகட்டும் என்று கேட்கவில்லை. ஒரு கையைக் கேட்டேன். டாக்டர் செலின் அந்தக் கதவைத் திறந்தபோது, உள்ளே இருப்பது எபோலா என்றுதான் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனார். என் துஆவுக்குப் பதில் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அதனால் கேளுங்கள் சகோதரிகளே. அழுது கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டாவது கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அதற்கு நான் பொறுப்பு. அவன் யாரையாவது அனுப்புவான். அப்படி அனுப்பப்படுகிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம். உங்கள் தெருவில் இன்றைக்கு யாராவது கதவை மூடிக்கொண்டு காய்ச்சலில் கிடக்கிறார்களா? கையுறை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். முகமூடி வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். போய் அந்த நெற்றியைத் தொடுங்கள்.